இருநூற்றுப் பன்னிரண்டாம் சீட்டு

முந்தின நாள் மாலை அவர் இருநூற்றுப் பதினொன்றோடு நிறுத்தியிருந்தார். அதில் சந்தேகத்துக்கே இடமில்லை. பதிவேட்டில் கடைசி வரியை எழுதி, அடியில் கோடு போட்டு, பேனாவை மூடி வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்பினார். ஆனால் காலை ஏழு மணிக்குக் கொட்டகையின் பக்கக் கதவைத் திறந்து விளக்குகளைப் போட்டபோது, தரையில் வெள்ளைக்கோடு போட்டுப் பிரித்திருந்த கட்டங்களில் ஒன்றில், இன்னும் எந்தப் பொருளும் வைக்கப்படாத ஒரு வெற்றுக் கட்டத்தின் நட்டநடுவில், ஒரு சீட்டு கிடந்தது. எண் இருநூற்றுப் பன்னிரண்டு.

அவரை எல்லோரும் சீட்டுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் ஏதோ சீட்டாட்டப் பேர்வழி என்று நினைத்து ஒரு வாரம் அவரிடமிருந்து விலகியே நடப்பார்கள். பிறகு விஷயம் தெரிந்து சிரிப்பார்கள். விமான விபத்துகளை விசாரிக்கும் துறையில் இருபத்திரண்டு வருஷமாக அவருக்கு ஒரே வேலை. விழுந்து நொறுங்கிய ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எண் கொடுத்து, அந்த எண்ணைக் கெட்டி அட்டையில் எழுதி, நூல் கோத்துத் துண்டோடு கட்ட வேண்டும். பிறகு அந்தத் துண்டு கொட்டகைக்கு வந்து, தரையில் வரைந்திருக்கும் படத்தில் தனக்குரிய கட்டத்தில் போய் உட்காரும். மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் மூக்கு, வால் இருக்க வேண்டிய இடத்தில் வால். செத்துப்போன ஒன்றைத் தரையில் படுக்க வைத்து அங்கம் அங்கமாக அடையாளம் காட்டுகிற வேலை.

இந்த முறை தரையில் படுத்திருந்தது ஒரு ஹெலிகாப்டர். ஒன்பது நாளுக்கு முன்னால் மலைச்சரிவில் விழுந்து எரிந்தது. உள்ளே நான்கு பேர். நாடே பெயர் சொன்ன ஒரு பெரிய மனிதர், அவருடைய உதவியாளர், இரண்டு விமானிகள். நால்வரும் போய்விட்டார்கள்.

சீட்டுக்காரர் குனிந்து அந்தச் சீட்டை எடுத்தார். எண்ணைத் தவிர அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. நூல் மட்டும் முடிச்சுப் போட்டு முடிந்திருந்தது, எதையோ கட்டிவிட்டு அந்தப் பொருளை மட்டும் உருவி எடுத்ததுபோல் ஒரு சின்ன வளையம், சுண்டுவிரல் நுழைகிற அளவு. அந்த முடிச்சை விரலால் தடவிப் பார்த்தார். அவர் இடக்கைக்காரர். மற்றவர்களின் முடிச்சு வலப்பக்கம் சாயும், அவருடையது இடப்பக்கம் சாயும். இது இடப்பக்கம் சாய்ந்திருந்தது.

நூலை முகர்ந்து பார்த்தார். ஈரம். எரிபொருளின் மண்ணெண்ணெய் வாடை.

அந்தக் கட்டம் எதற்குரியது என்று அவருக்குத் தெரியும். வால் விசிறியைத் திருப்பும் தண்டோடு இணைகிற போல்ட்டுக்குரியது. அந்த போல்ட் கிடைக்கவில்லை என்றுதான் மொத்தத் துறையும் மலைச்சரிவைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடிக்கொண்டிருந்தது. அது சரிவில் இல்லை என்பதும் அவருக்குத் தெரியும். அது அவருடைய வீட்டு அலமாரியில், காலமான மனைவியின் மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள் இருந்தது.

விபத்துக்கு மறுநாள் விடியற்காலை மாப்பிள்ளை கம்பெனியிலிருந்து போன் செய்திருந்தார். அவர் ஹெலிகாப்டர் கம்பெனி ஒன்றில் மெக்கானிக். குரலே சரியில்லை. விழுந்தது எங்கள் கம்பெனியுடையது மாமா, முந்தாநாள் அதன் வால் பக்கத்தில் வேலை பார்த்தது நான்தான் என்றார். உறவுக்காரர் சம்பந்தப்பட்ட விபத்து என்றால் மேலிடத்தில் சொல்லிவிட்டு விலகிக்கொள்ள வேண்டும் என்பது விதி. சீட்டுக்காரர் விலகிக்கொள்ளவில்லை. மகளுக்கு ஏழாவது மாதம். என்னதான் கிடைக்கிறது என்று பார்த்துவிடலாமே என்று மலைக்குப் போய்விட்டார்.

பனி விலகாத சரிவில், கருகிய புல் காலடியில் நொறுங்க, அவர்தான் முதலில் வால் பக்கம் போனார். ஒரு கல்லின் ஓரத்தில் அந்த போல்ட் கிடந்தது, மேலெல்லாம் சேறு. நட்டு மாட்டியே இருந்தது. ஆனால் நட்டு கழலாமல் இருக்கக் குறுக்கே ஒரு கம்பி ஊசி செருகி, அதன் இரண்டு காலையும் மடக்கிவிடுவார்களே, ஸ்ப்ளிட் பின் என்பார்கள், அதைக் காணோம். ஊசி போட மறந்தால் அதிர்வில் நட்டு தளரும், போல்ட் ஆடிப் பிய்ந்து உதிரும், வால் பேச்சைக் கேட்காது. மறந்தது யாராக இருக்கும் என்பதை நினைத்த மாத்திரத்தில் அவருடைய இடக்கை அந்த போல்ட்டை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டிருந்தது. இருந்த இடத்தில் படம் எடு, சீட்டுக் கட்டு, அதற்குப் பிறகுதான் கை வைக்க வேண்டும் என்று எத்தனை பேருக்கு அவர் பாடம் நடத்தியிருப்பார்.

பக்கத்தில் உயிரோடு யாரும் இல்லை. இரண்டடி தள்ளி, பிய்ந்து விழுந்த இருக்கையில், பெல்ட்டுப் பட்டை போட்டபடியே விமானிகளில் ஒருவர் இருந்தார். மற்ற மூன்று பேரையும் எடுத்துப் போயிருந்தார்கள், இவரை மட்டும் இன்னும் எடுக்க முடியவில்லை. முகம் என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. ஒரு கண் மட்டும் எப்படியோ தப்பித்துத் திறந்திருந்தது.

அன்றைக்கு ஐந்தாம் நாள்தான் அவருக்கு அதைக் கழுவிப் பார்க்கத் தைரியம் வந்தது. குளியலறைக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு சோப்பு நுரையில் சேற்றைத் தேய்த்தார். நட்டின் துளை தெளிந்தது. துளைக்குள், இரண்டு பக்கமும் கத்தரித்து விட்டதுபோல், கம்பியின் நடுத்துண்டு பத்திரமாக இருந்தது. மாப்பிள்ளை ஊசி போட்டிருக்கிறார். விழுந்த வேகத்தில் அதன் கால்கள் ஒடிந்திருக்கின்றன, அவ்வளவுதான். போல்ட் வானத்தில் உதிரவில்லை, தரையில் மோதித்தான் பிய்ந்திருக்கிறது.

மாப்பிள்ளை மேல் தப்பில்லை என்பதற்கு இருந்த ஒரே சாட்சியை அவரே திருடிக்கொண்டு வந்து, அவரே சோப்புப் போட்டுக் கழுவியும் விட்டார். இனி அதைக் கொண்டுபோய்க் கொடுத்தால், மருமகனைக் காப்பாற்ற மாமனார் எங்கிருந்தோ கொண்டுவந்த போல்ட் என்பார்கள். கொடுக்காவிட்டால், சரிவில் போல்ட்டே இல்லை, ஆகவே அது வானத்திலேயே கழன்று விழுந்திருக்கிறது, ஆகவே ஊசி போடவில்லை என்பார்கள். அப்படித்தான் சொல்லவும் ஆரம்பித்திருந்தார்கள்.

இந்த நிலையில்தான் இருநூற்றுப் பன்னிரண்டாம் சீட்டு.

சீட்டைக் கிழித்துக் கழிவறையில் போட்டுத் தண்ணீர் விட்டுவிட்டு அவர் யோசித்தார். கொட்டகைச் சாவி நான்கு பேரிடம் இருக்கிறது. அவர், வாட்ச்மேன், படம் எடுப்பவன், விசாரணை அதிகாரி. வாட்ச்மேன் எழுதப் படிக்கத் தெரியாதவர் என்று எல்லோரும் நம்புகிறார்கள். நம்ப வைத்திருக்கலாம். அன்று முழுவதும் அவர் வாட்ச்மேனையே ஓரக்கண்ணால் கவனித்தார். மனிதர் கதவோரத்து நாற்காலியில் உட்கார்ந்து காது குடைவதும், குடைந்ததை வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்பதுமாகப் பொழுதை ஓட்டினார். பெரிய சதிகாரராகத் தெரியவில்லை. அதுவே சந்தேகமாக இருந்தது.

மறுநாள் காலை சீட்டு அதே கட்டத்தில் கிடந்தது. அதே எண், இடப்பக்கம் சாய்ந்த அதே முடிச்சு, அதே ஈரம். இப்போது எண்ணுக்குக் கீழே ஒரு வரி கூடியிருந்தது. பொருள்: போல்ட், ஒன்று, நட்டுடன்.

கையெழுத்து அவருடையது.

பதிவேட்டைத் திறந்து பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். 'ட்' மேல் வைக்கும் புள்ளியைப் புள்ளியாக வைக்காமல் சின்னக் கீறலாக இழுக்கிற அவருடைய பழக்கம் அப்படியே இருந்தது. தகரக் கூரைக்கு மேல் வெயில் ஏற ஏற, கொட்டகை முழுக்கக் கிடந்த கருகிய தகடுகள் சூட்டில் விரிந்து டிக், டிக் என்று ஒன்றுக்கொன்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தன. மண்ணெண்ணெய் வாடை அவருடைய மேஜைவரை வந்து நின்றது. எரிந்து பத்து நாளான இரும்பில் இவ்வளவு பச்சையான வாடை எப்படி என்று அவருக்குப் புரியவில்லை.

மத்தியானம் கேன்டீனில் ஊர்ப்பட்ட காரணங்கள் அலசப்பட்டன. பனிமூட்டம் என்றார் ஒருவர். பனியாவது பருப்பாவது, குண்டு வைத்துவிட்டார்கள் என்றார் இன்னொருவர். பெரிய மனிதருக்கு வேண்டாதவர்கள் யார் யார் என்று பட்டியலே வாசித்தார் மூன்றாமவர், சொந்தத் தம்பியிலிருந்து ஆரம்பித்து. பறவை, மின்னல், விமானியின் வீட்டுச் சண்டை. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே தட்டை வழித்துக்கொண்டிருந்த படம் எடுப்பவன் கடைசியில் வாயைத் திறந்தான்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. மெக்கானிக் ஊசி போடல. நம்ம சீட்டுக்காரரக் கேளுங்க, அவருக்குத் தெரியும்."

சொல்லிவிட்டுச் சிரித்தான். எல்லோரும் சிரித்தார்கள். சீட்டுக்காரரும் சிரித்தார், வாயில் இருந்த சோற்றை மென்று முழுங்க முடியாமல். இவன் எதற்கு என்னைச் சொன்னான்? மலைச்சரிவில் எல்லாத் திசையிலும் படம் எடுத்தவன். தூரத்தில் நின்று எடுத்த படம் ஏதாவது ஒன்றில், ஓரத்தில், குனிந்து நிற்கும் ஒரு மனிதரும் அவருடைய இடக்கையும் விழுந்திருக்குமோ? அன்று மாலை அவன் கிளம்பிய பிறகு அவனுடைய மேஜை இழுப்பறையைத் துழாவினார். நூற்றுக்கணக்கான படங்கள். தகடு, தகடு, கருகிய புல், தகடு. அவர் எதிலும் இல்லை. இருபத்திரண்டு வருஷ வேலையில் அவர் இன்னொருவர் மேஜையைத் திறந்தது அதுதான் முதல் தடவை, அந்த வெட்கம் வீடு போய்ச் சேரும்வரை கூடவே வந்தது.

மூன்றாம் நாள் இரண்டு வரிகள் கூடியிருந்தன. கிடைத்த இடம்: வால் பகுதி, விமானி இருக்கைக்கு இரண்டடி கிழக்கு. கிடைத்த நேரம்: காலை 7.40.

நேரத்தைப் படித்ததும் அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். போல்ட்டைப் பையில் போட்ட கையோடு கடிகாரத்தைப் பார்த்தது ஞாபகம் வந்தது. எதற்குப் பார்த்தோம் என்றுகூடத் தெரியாமல், பழக்க தோஷத்தில் பார்த்தது. ஏழு நாற்பது. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. எங்கும் எழுதியதில்லை. எந்தப் படமும் அதைச் சொல்லாது.

உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தபோதுதான் இருக்கைகள் கண்ணில் பட்டன. படத்தின் மூக்குப் பக்கம், முன்னால் இரண்டும் பின்னால் இரண்டுமாக, கம்பிக்கூடுகளாய் எரிந்து நின்ற நான்கு இருக்கைகள். அவர்தான் அவற்றை வைத்தார். நான்கும் முன்னோக்கி இருக்கும்படி வைத்து, காலடியில் சாக்பீஸால் குறி போட்டிருந்தார். இப்போது குறி ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். நான்கும் ஒரு சாண் அளவு திரும்பியிருந்தன. பதிவேட்டு மேஜையின் பக்கமாக.

வாட்ச்மேனைக் கூப்பிட்டு யார் நகர்த்தியது என்று கேட்டார். வாட்ச்மேன் வாசலிலேயே நின்றுகொண்டார். உள்ளே வரவில்லை.

"நான் அந்தக் கோட்டைத் தாண்டி உள்ள வர்றதே இல்லீங்க. பெல்ட்டு மாட்டுற சத்தம் கேக்குது. பகல்லயே கேக்குது."

விசாரணை அதிகாரி பத்து மணிக்கு வந்தார். ஐம்பதைத் தொடுகிற பெண்மணி, அதட்டிப் பேசி யாரும் கேட்டதில்லை. எதிரே இருப்பவர் தாமாகவே பேசும்வரை பேசாமல் இருப்பார், அதுதான் அவருடைய வித்தை. எல்லோருக்கும் அவர் மேடம். அன்றைக்கு அவர் காலியான அந்தக் கட்டத்தின் பக்கத்தில் வெகுநேரம் நின்றார். பிறகு சீட்டுக்காரரிடம் வந்து, ஏதோ மழை வரும்போல இருக்கிறது என்கிற தொனியில், உங்கள் மகளுக்கு எத்தனையாவது மாதம் என்று விசாரித்தார். ஏழு என்றார் இவர். அப்படியா என்று போய்விட்டார்.

மகள் உண்டாகியிருப்பதை அவர் அலுவலகத்தில் யாரிடமும் சொன்னதில்லை.

அப்படியானால் மேடம்தான். எல்லாம் தெரிந்துகொண்டு, சீட்டை வைத்துத் தூண்டில் போடுகிறார். கையெழுத்தைப் பார்த்து எழுத ஆள் கிடைக்காமலா போகும்? முடிச்சையும் பழகிக்கொள்ளலாம். இப்படி நினைத்ததும் அவருக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. மனுஷர் செய்கிற வேலை என்றால் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஏழு நாற்பது? அந்த ஒரு இடத்தில் நிம்மதி வழுக்கி வழுக்கி விழுந்தது.

வீட்டில் மாப்பிள்ளை சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தார். வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருந்ததால் நாள் முழுவதும் வீட்டில்தான். நல்ல பிள்ளை. மாமனார் வீட்டோடு வந்து இருக்கிறோமே என்ற கூச்சத்தில், கெட்டுப்போன மின்விசிறி, ஒழுகும் குழாய் எல்லாவற்றையும் சொல்வதற்கு முன்பே சரி பண்ணிவிடுவார். இப்போது தட்டில் சோறு ஆறிக்கொண்டிருக்க, அவருடைய கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் காற்றில் எதையோ செருகி, இரண்டு பக்கமும் மடக்கின. மறுபடி செருகி மடக்கின. மகள் அதைப் பார்க்காத மாதிரி தண்ணீர் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

"இன்னைக்கும் கிடைக்கலையா மாமா?"

கிடைக்கவில்லை என்றார் சீட்டுக்காரர்.

"போட்டேன்னுதான் நினைக்கிறேன். நேத்துவரைக்கும் நல்லா ஞாபகம் இருந்துச்சு. இன்னைக்குக் காலையில யோசிச்சுப் பார்த்தா, போட்ட மாதிரியும் இருக்கு, போடாத மாதிரியும் இருக்கு. நாலு உசிரு மாமா."

சொல்லிவிடலாம். அலமாரி ஆறடி தூரத்தில் இருந்தது. எழுந்து போய், கூட்டைத் திறந்து, இதோ பாருங்க மாப்பிள்ளை, நீங்க போட்டீங்க, துளைக்குள்ள பாருங்க என்று சொல்ல ஒரு நிமிஷம்கூட ஆகாது. சொன்னால் இவர் நாளைக்கே விசாரணையில் சொல்வார், பொய் சொல்லத் தெரியாத ஆள். பிறகு இருபத்திரண்டு வருஷப் பெயர், ஓய்வூதியம், கைவிலங்கு. மகள் பிரசவத்துக்குப் போகிற நேரத்தில் அப்பா சிறையில். சீட்டுக்காரர், கவலைப்படாதீங்க, எல்லாம் சரியாகும் என்றார். அவருக்கே அந்தப் பேச்சு கேட்கச் சகிக்கவில்லை. தன்னைத்தானே அவர் அவ்வளவு வெறுத்தது அதற்கு முன் கிடையாது.

நான்காம் நாள் காலையிலிருந்தே மழை.

வாட்ச்மேனின் நாற்காலி காலி. வேலையே வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனதாகப் பிறகு தெரிந்தது. சீட்டுக்காரர் விளக்கைப் போட்டார். பாதி விளக்குகள் எரியவில்லை. தகரக் கூரையில் மழை விழுகிற இரைச்சலுக்குள், ஒரு துணியை இழுத்துச் சொருகுகிற மாதிரி ஒரு சத்தம், அதைத் தொடர்ந்து ஒரு க்ளிக், கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொரு க்ளிக். அவர் எண்ணினார். நான்கு. பிறகு மழை மட்டும்.

சீட்டு கட்டத்தில் இல்லை. பதிவேட்டின் மேல் இருந்தது. கடைசி வரியும் நிரம்பியிருந்தது. எடுத்தவர் என்ற இடத்தில், கண்ணை மூடிக்கொண்டு அவர் ஆயிரம் தடவை போட்டிருக்கிற, கடைசியில் வாலை மேலே சுழித்துவிடுகிற அவருடைய கையெழுத்து. மை காயவில்லை. தொட்டார். விரலில் ஒட்டியது.

அவர் தன் இடக்கையை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரலிடுக்கில் மை. இப்போது ஒட்டியதா, முன்பே இருந்ததா? நானேதான் எழுதுகிறேனா? எப்போது எழுதுகிறேன்? சந்தேகப்பட இனி ஆள் பாக்கியில்லை. அவர் ஒருவர்தான் பாக்கி.

நேராக வீட்டுக்குப் போனார். மாப்பிள்ளை மாடி அறையில் தூங்குகிறார் என்றாள் மகள், எழுப்பட்டுமா அப்பா என்றாள். வேண்டாம், வந்து பேசிக்கொள்கிறேன் என்றார். மூக்குக் கண்ணாடிக் கூட்டை அப்படியே எடுத்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். கொட்டகைக்குத் திரும்பியபோது மணி பத்து இருக்கும். வெளியே சாயங்காலம் போல இருட்டிக்கிடந்தது. மேடம் தனியாக, பதிவேட்டு மேஜையின் முன்னால், கட்டங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

சீட்டுக்காரர் கூட்டைத் திறந்து மேஜைமேல் வைத்தார். போல்ட் உருண்டு நின்றது.

எல்லாவற்றையும் சொன்னார். மாப்பிள்ளை யார் என்பதை, மலைச்சரிவை, சோப்பை. ஒன்றையும் விடவில்லை. சீட்டைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. சொல்லச் சொல்ல நெஞ்சில் இருந்த கல் கரைந்தது. சிறைக்குப் போனால் போகட்டும், மாப்பிள்ளை பிழைத்தார். முடித்ததும் அவருக்கு அழுகை வந்தது, அழுதார். மேடம் பூதக்கண்ணாடியை எடுத்து நட்டின் துளையைப் பார்த்தார். நிதானமாக, மூன்று தடவை பார்த்தார். முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. மாப்பிள்ளையின் வீட்டு விவரம் வாங்கியபோதே உங்கள் பெயர் வந்துவிட்டது, நீங்களாக வருவீர்கள் என்று காத்திருந்தேன் என்றார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வைத்துக்கொண்டார்.

"ஊசி இருக்கு. நான் நம்புறேன். ஆனா நான் நம்பினா மட்டும் பத்தாது. இது அங்கதான் கிடந்துச்சுன்னு சொல்ல ஒரு ஆள் வேணும். நீங்க எடுத்ததை யாராவது பார்த்தாங்களா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தார்.

மேடத்தின் தோளுக்குப் பின்னால், அரையிருட்டில், அந்த நான்கு இருக்கைகளும் முழுவதுமாக இந்தப் பக்கம் திரும்பியிருந்தன. பட்டைகள் போடப்பட்டிருந்தன. வெறும் கம்பிக்கூட்டின் குறுக்கே, ஒன்றுமே இல்லாததை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, விறைப்பாக.

"யாராவது ஒருத்தர் போதும்," என்றார் மேடம், தாளைப் பார்த்தபடி.

முன் இருக்கையிலிருந்து ஒரு கை உயர்ந்தது.

வகுப்பில் பதில் தெரிந்த பிள்ளை தூக்குவதுபோல, நேராக. கரி. விரல்கள் ஒன்றோடொன்று உருகி ஒட்டியிருந்தன.

பக்கத்து இருக்கையிலிருந்து இன்னொன்று. பின்னாலிருந்து ஒன்று. மெதுவாக, அவசரமே இல்லாமல், நான்காவது.

மழை இரைந்தது. மண்ணெண்ணெய் வாடை மூச்சை அடைத்தது. மேடம் தலை நிமிரவில்லை. பேனா தாளின்மேல் காத்திருந்தது. சொல்ல வேண்டும். சொன்னால் பைத்தியம் என்பார்கள். பைத்தியம் கொடுத்த போல்ட்டை யார் எடுத்துக்கொள்வார்கள்? சொல்லாவிட்டால் சாட்சி இல்லை.

"சொல்லுங்க. யாராவது இருந்தாங்களா?"

அப்போது பின் இருக்கைகளுக்கு நடுவில் ஐந்தாவது கை எழுந்தது.

அங்கே இருக்கை இல்லை. அவர் வைக்கவில்லை.

அது கருகாத கை. சட்டைக் கையை முழங்கைவரை மடித்துவிட்ட கை. நகக்கண்ணில் எந்தச் சோப்புக்கும் போகாத எண்ணெய்க் கறுப்பு. யாருடையது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஐந்து வருஷமாகச் சாப்பாட்டு மேஜையில் அவர் எதிரே பார்த்த கை.

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார். மகள்.

மாடி அறை. தூங்குகிறார் என்றாளே.

போன் அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. மேடம் தலையைத் தூக்கி, அவர் முகத்தைப் பார்த்து, அவர் பார்க்கிற பக்கம் மெல்லத் திரும்பினார். ஐந்து கைகளும் இறங்கவில்லை.